11.40க்குக் கடிதம், 12.05க்கு ரசீது

பெறுநர்:
முனைவர் டி.வி. சோமநாதன் அவர்கள்,
அமைச்சரவைச் செயலாளர், இந்திய அரசு,
புது தில்லி.

மதிப்புக்குரிய ஐயா,

தாங்கள் தமிழ்நாட்டுப் பிரிவு இ.ஆ.ப. அதிகாரி என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். நான் வருவாய்த்துறையில் முப்பத்தொரு ஆண்டு குப்பை கொட்டி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் குடியிருக்கிறேன். திறந்த மடல் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. மனுவை வாங்கிப் பழக்கம், முடித்துவைத்துப் பழக்கம். கடந்த சில மாதங்களாக முதல்முறையாக மேசைக்கு இந்தப் பக்கம் நின்று மனு கொடுத்துப் பார்த்தேன். ஐந்து கொடுத்தேன். எந்தெந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த நாற்காலிகளில் என் போன்றவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்துக்கும் ஒரே பதில்: மனுதாரருக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவுமுறை நிரூபிக்கப்படாததால் மனு முடித்துவைக்கப்படுகிறது.

உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் இணையருக்குத் திருமண உரிமை இல்லை என்று சொன்னது. ஐந்து நீதிபதிகளும் அதில் ஒன்று. திருமணம் என்ற பெயர் இல்லாத வேறொரு சட்ட இணைப்பையாவது தரலாமா என்றபோது இருவர் சரி என்றார்கள், மூவர் கூடாது என்றார்கள். அந்த வழக்கில் அரசு கொடுத்த வாக்குப்படிதான் 2024 ஏப்ரலில் குழு அமைந்தது. அதன் தலைமை உங்கள் நாற்காலிக்கு உரியது. விதிகளை உங்களிடம் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆகவே விதியை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு பேர். பெயர் எழுதமாட்டேன், இருப்பவர் வேண்டாம் என்றார். இருப்பவர் என் நண்பர், வயது அறுபது. பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பவர். இந்த இடத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று இரவு பதினொரு மணிக்குப் போன் போட்டுக் கேட்கிற ரகம். போனவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். போளூர்ப் பக்கத்துக் கிராமம், ஒன்பதாம் வகுப்போடு படிப்பு சரி. 2003இல் நண்பர் வீட்டுக் கிணற்று மோட்டார் புகைந்தது. மூன்று நாளில் தருகிறேன் என்று எடுத்துப் போனவர் பன்னிரண்டாம் நாள்தான் கொண்டுவந்தார். அதற்குள் மோட்டார் என்ன ஆயிற்று என்று கேட்டு நண்பர் கடைக்கு நடையாய் நடந்திருந்தார். இருபத்திரண்டு ஆண்டு அப்படித் தொடங்கியது.

தெருவில் யாருக்குத் தெரியும் என்றால், எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுப் பெயர் வைத்துச் சொன்னதில்லை, அவ்வளவுதான். பால்காரம்மாவின் நோட்டில் அது 'ரெண்டு பேர் வூடு'. எதிர்வீட்டு ஆயா தன் பேத்தி கல்யாணப் பத்திரிகையின் உறையில் இருவர் பெயரையும் சேர்த்து எழுதி, கீழே 'குடும்பத்துடன்' என்றும் போட்டுக் கொடுத்தார். நான் பார்த்தேன், ஆயாவின் கையெழுத்து கோணலாக இருக்கும், ஆனால் அதில் தயக்கம் இல்லை. எல்லாம் பன்னீர் தெளித்த கதை என்று சொல்லவில்லை. பழைய வீட்டுக்காரர் ஒருவர் காலி செய்யச் சொன்னார். அதே வீட்டில் மார்கழி சீசனில் இரண்டு வெளிநாட்டு ஆண்கள் சேர்ந்து தங்கினால் வாடகை மூன்று பங்கு, கேள்வி எதுவும் கிடையாது.

போன ஆடியில் ஒரு கிணற்று மேட்டில் மோட்டாரைத் தூக்கும்போது கால் வழுக்கி, பின்மண்டை கல்லில் மோதியது. மூளையில் ரத்தக்கசிவு. இங்கிருந்து ஒரு பெரிய ஊருக்கு, ஒரு பெரிய கட்டடத்துக்குக் கொண்டுபோனோம். விடியற்காலை இரண்டு மணிக்கு அறுவை சிகிச்சைக்குச் சம்மதப் படிவம் நீட்டினார்கள். 'உறவுமுறை' என்று ஒரு கட்டம். நண்பர் 'நண்பர்' என்று எழுதப்போனார். ரத்த உறவு கையெழுத்துப் போட்டால்தான் தியேட்டருக்குள் எடுப்போம் என்று நர்ஸ் சொன்னார். உள்ளே ஆள் செத்துக்கொண்டிருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் பிறருடைய பிழைகளைத் திருத்தியவர் அன்று தெரிந்தே ஒரு பிழை எழுதினார்: 'அண்ணன்'.

அந்த அண்ணனை அடுத்த பதினொரு நாள் யாரும் சந்தேகிக்கவில்லை. வென்டிலேட்டருக்குக் கையெழுத்து வாங்கினார்கள், இரண்டாம் அறுவைக்கு வாங்கினார்கள், ரத்தத்துக்கு வாங்கினார்கள். ரத்தம் கொடுக்க எங்கள் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நான்கு பேர் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். பணத்துக்கு நண்பரின் அம்மா விட்டுப்போன ஆறு சவரன் போயிற்று. ஆயா கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டார். முட்டி தேய்ந்த கிழவி, பதினான்கு கிலோமீட்டர்.

பன்னிரண்டாம் நாள் காலை உயிர் போனது. போனவருக்குச் சொந்தத்தில் ஓர் அண்ணன் உண்டு. பத்தொன்பது ஆண்டாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர். அவருக்குப் போன் போட்டுச் சொன்னது யார் தெரியுமா? என் நண்பரேதான். கூடப்பிறந்தவரிடம் சொல்லாமல் எடுப்பது முறை இல்லை என்றார். முறை பார்த்தவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

ஒரு வேனில் எட்டுப் பேர் வந்தார்கள். கையில் ஆதார் அட்டை. மருத்துவமனை மேலாளர் என் நண்பரைப் பார்த்து, "அப்ப நீங்க யாரு?" என்றார். அவர் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டில் முதல்முறையாக ஒரு வேற்று மனிதரிடம், எட்டுப் பேர் முன்னால், அந்த உறவை அதன் பெயரைச் சொல்லியே சொன்னார். ஒருவன் சிரித்தான். மேலாளர் புறக்காவல் நிலையத்திலிருந்து ஏட்டைக் கூப்பிட்டார். பொய் உறவு சொல்லிக் கையெழுத்துப் போட்டதற்குக் கேஸ் போடலாம் என்று ஏட்டு விளக்கினார். கேஸ் வேண்டாம் என்றால் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். நண்பர் எழுதினார். அவர்கள் சொல்லச் சொல்ல, சொந்தக் கையால்: 'இறந்தவருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை. உடலில் எனக்கு எந்த உரிமையும் இல்லை.' தேதி போட்டார். நேரமும் போடச் சொன்னார்கள். காலை 11.40.

வேனில் வந்தவர்கள் உடலை வாங்கப் போனபோது கவுன்டரில் அறுபத்திரண்டாயிரம் ரூபாய் பாக்கி என்றார்கள். சேர்த்தவன் கட்டட்டும் என்றார் சொந்த அண்ணன். மேலாளர் திரும்பி என் நண்பரைப் பார்த்தார். நண்பர் கட்டினார். கட்டினால்தான் உடல் குளிர்பெட்டியை விட்டு வெளியே வரும். கணினி ரசீதில் நேரம் அச்சாகியிருக்கிறது. மதியம் 12.05. பெற்றுக்கொண்டது யாரிடமிருந்து என்ற இடத்தில் நண்பர் பெயர், அதன் கீழே 'உறவுமுறை: அண்ணன்'.

ஐயா, நான் ஆயிரக்கணக்கான கோப்பு பார்த்தவன். 11.40க்கு எவ்வித உறவும் இல்லாதவன் 12.05க்கு அண்ணனாகிப் பணம் கட்டிய கோப்பை இப்போதுதான் பார்க்கிறேன்.

உடலை எங்கே கொண்டுபோனார்கள், எரித்தார்களா புதைத்தார்களா, எதுவும் தெரியாது. நாங்கள் கொடுத்த ஐந்து மனுவும் இதைத்தான் கேட்டன. நஷ்ட ஈடு கேட்கவில்லை, நடவடிக்கை கேட்கவில்லை. இடம் எது என்று கேட்டோம். அதற்குத்தான் உறவுமுறையை நிரூபிக்கச் சொன்னார்கள்.

உங்கள் குழு சும்மா இருந்துவிடவில்லை என்பதை அறிவேன். 2024 ஆகஸ்டில் மூன்று துறைகள் கடிதம் அனுப்பின. ரேஷன் அட்டையில் இணையரை ஒரே குடும்பமாகக் கொள்ளலாம். வங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கலாம், நாமினி போடலாம். இறந்தவரின் உடலை இணையர் கேட்டுப் பெறலாம். செய்தித்தாளில் வந்த துண்டைப் போனவர் வெட்டித் தன் ஸ்பேனர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்திருந்தார். அவருக்கு ரேஷன் அட்டைமேல்தான் கண். 2023இல் தீர்ப்பு வந்த அன்றுகூட, "மூணுக்கு ரெண்டுன்னா நாம எந்தப் பக்கம்? கார்டுல பேரு ஏறுமா ஏறாதா?" என்றுதான் கேட்டார்.

அந்த மூன்றாவது கடிதத்தை நண்பர் மெய்ப்புப் பார்ப்பதுபோலப் படித்தார். உடலை இணையர் பெறலாம், எப்போது? நெருங்கிய உறவினர் இல்லாத பட்சத்தில். பத்தொன்பது ஆண்டு எட்டிப் பார்க்காத அண்ணனும் வேன் பிடித்து வந்துவிட்டால் உறவினர் இருக்கிறார் என்றாகிவிடும். இருபத்திரண்டு ஆண்டு சோறு போட்டவர் யாருமில்லாத அனாதைப் பிணத்துக்குத்தான் வாரிசு. கருணை என்று இதைச் சொல்கிறார்களா உங்கள் ஊரில்?

உச்ச நீதிமன்றத்தில் 2023 ஏப்ரலில் மத்திய அரசு சொன்னதையும் நினைவுபடுத்துகிறேன். ஒருபால் திருமணக் கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடிகளின் எண்ணம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவரை ஒரு நாள் எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். செப்புக் கம்பி கிழித்த விரல், வார்னிஷ் வாடை போகாத சட்டை, ஒன்பதாம் வகுப்பு, டிவிஎஸ் எக்ஸெல் வண்டி: இதுதான் எங்கள் ஊர் மேட்டுக்குடி. அந்த வண்டியையும் பதினாறாம் நாள் சொந்த அண்ணன் வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

சமூகம் இன்னும் தயாராகவில்லை என்று உங்கள் பக்கத்தில் அடிக்கடி சொல்கிறார்கள். எந்தச் சமூகம்? பால்காரம்மா தயார். ஆயா தயார். ஆட்டோ ஸ்டாண்டு ரத்தமே கொடுத்துவிட்டது. தயாராகாதது ஒரு படிவமும் அதை நிரப்பச் சொன்னவர்களும்தான். அந்த வகையில் நானும் குற்றவாளி. 1998இல் ஒரு பெண் வாரிசுச் சான்று கேட்டு வந்தார். உறவுமுறைக் கட்டத்தில் 'கூட வாழ்ந்தவள்' என்று எழுதியிருந்தார். அப்படியொரு உறவு இல்லை அம்மா என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, படிவத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அன்று மதியம் நன்றாகவே சாப்பிட்டேன்.

நண்பருக்குக் கல்யாணம் என்ற சொல்மேல் பெரிய ஆசை இருந்ததில்லை. "எத்தனை வீட்ல அது பொம்பளைங்கள என்ன பாடு படுத்துதுன்னு பாத்திருக்கேன் சார்" என்பார். "ஆனா வேணாம்னு சொல்றதுக்காவது மொதல்ல அது எனக்குக் கெடைக்கணும் இல்ல?" இன்னொரு சங்கதியும் அடிக்கடி சொல்வார். அவருடைய அப்பா அம்மா 1962இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். புரோகிதர் இல்லை, தீ இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கல்யாணம் அன்றைய சட்டப்படி செல்லாது. 1953லேயே சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருந்தது. நண்பர் பிறந்தது 1965இல். 1967இல் அண்ணா அரசு சட்டம் கொண்டுவந்து, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று ஆக்கியது. "ரெண்டு வருஷம் நான் சட்டப்படி அப்பன் இல்லாத புள்ளை சார். ஆனா அந்த ரெண்டு வருஷமும் ஊர்ல யாரும் என்னை அப்படிக் கூப்பிடல" என்று சிரிப்பார். அண்ணா, ஊர் தயாரா என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஊர் ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டது, சட்டம் பிந்தி வந்து கைநனைத்தது.

இந்தப் பகுதியில் ஆறுதல் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. தீபத்தன்று சில நிமிடம் மட்டும் வெளியே வந்து ஆடும் அர்த்தநாரீஸ்வரரைக் காட்டி, நம் மரபில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு என்று ஒருவர் நண்பரிடம் சொன்னார். நண்பர், "அது ஆணும் பொண்ணும் சேந்ததுங்க. எங்களுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார். ஆன்மாவுக்கு ஆண் பெண் கிடையாது, உடல் வெறும் சட்டை என்று இன்னொருவர். "ஆன்மாவ நான் கேக்கல சார், பாடியத்தான் கேட்டேன்." அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

உடல் நான் அல்ல என்று சொன்னவர் வாழ்ந்த ஊர் இது. அவரே 1938இல் ஆசிரமத்துக்காக உயில் எழுதவேண்டி வந்தது. துறவிக்கும் காகிதம் இல்லாமல் முடியவில்லை. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ரமணர் பெயர் எழுதவில்லை, ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு செல்லும் என்று வெள்ளைக்காரன் அரசு ஏற்றுக்கொண்டது. என் நண்பர் பதினொரு நாளில் ஏழு இடத்தில் முழுக் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் அவர் ஆசிரமத்துக்குப் போகிறார். தியான மண்டபத்துக்கு அல்ல. 1948இல் இறந்த பசு லட்சுமியின் சமாதிப் பக்கம் போய் உட்காருகிறார். பக்கத்தில் ஒரு மானுக்கு, ஒரு காக்கைக்கு, ஒரு நாய்க்குச் சமாதி இருக்கிறது. ஒரு நாள் நானும் கூடப் போனேன். "காக்காவுக்கு இடம் தெரியுது பாருங்க" என்றார். நான் மயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.

கூட வாழ்ந்தவர் உயிரோடிருந்தால் கதை வேறாக இருந்திருக்குமோ என்றும் யோசித்தேன். எங்களுக்குப் பக்கத்து வேலூர் மாவட்டத்தில் ஒரு பெண்ணைப் பெற்ற வீட்டார் பிடித்துவைத்துக்கொண்டார்கள். காவல்துறையும் அவளைப் பெற்றோரிடமே அனுப்பியது. அவளுடைய தோழி உயர் நீதிமன்றம் போனாள். 2025 மே 22 அன்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவளை விடுவித்தார்கள்; குடும்பம் அமைய திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள். படித்துவிட்டு நண்பருக்கும் போனவருக்கும் நான்தான் வாசித்துக் காட்டினேன். போனவர் தட்டில் இருந்த முறுக்கை எடுத்துக் கடித்தபடி, "அப்ப நாம குடும்பம்தான்னு கோர்ட்டே சொல்லிட்டாங்க" என்றார். இரண்டே மாதம். உயிருள்ள பெண் நீதிபதி முன்னால் நின்று, நான் இவளோடு போகிறேன் என்று சொல்லலாம். பிணம் எதைச் சொல்லும்? அதற்குத்தான் முன்கூட்டியே ஒரு காகிதம் வேண்டும் என்கிறோம். அந்தக் காகிதத்துக்கு உலகமெல்லாம் ஒரு பெயர் வைத்திருக்கிறது. தைவானில் 2019லிருந்து அது கிடைக்கிறது, தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து. எங்கள் தெருவில் மட்டும் கிடைக்காது. 2023 தீர்ப்பின் மீதான மறுசீராய்வு மனுக்களும் அதே 2025 ஜனவரியில்தான் தள்ளுபடி ஆயின.

சொல் மட்டும் நிறையக் கொடுத்துவிட்டார்கள். 2022இல் மாநில அரசு அரசிதழில் சொற்பட்டியலே போட்டது. இழிசொல் வேண்டாம், பால்புதுமையர் என்று மரியாதையாக எழுது என்று. நல்ல சொல், நண்பருக்கும் பிடித்தது. ஒற்றுப்பிழைகூட இல்லை என்றார். மரியாதையான சொல்லால் அழைத்து, மரியாதையாக வெளியே நிற்கச் சொல்வதில் நாம் கெட்டிக்காரர்கள்.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்கத் தெரிந்திருந்தால் ஐந்து மனுவில் ஒன்றாவது தேறியிருக்கும். திருமணச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று எழுதினால், அது நாடாளுமன்றத்தின் வேலை என்பீர்கள். நாடாளுமன்றத்தைக் கேட்டால் குழு பார்க்கிறது என்பார்கள். குழு எதைப் பார்க்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். செய்யும்போது 1967இல் செய்ததுபோல முன்தேதியிட்டுச் செய்யுங்கள். இங்கே ஒருவருக்கு இனிமேல் வருவது எதுவும் உதவாது.

அதுவரை ஒரு சின்ன வேலை. நாடாளுமன்றம் வேண்டாம், அமைச்சரவை வேண்டாம், ஒரு பேனா போதும். உடலைப் பெறுவது பற்றி அனுப்பிய அந்தக் கடிதத்தில் 'நெருங்கிய உறவினர் இல்லாத பட்சத்தில்' என்ற பொருளில் வருவதை அடித்துவிடச் செய்யுங்கள். தமிழில் எண்ணினால் நான்கு சொல். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் கீழே உள்ள ஆட்கள் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்,
ரமண நகர், திருவண்ணாமலை.

இணைப்பு:
சம்மதப் படிவத்தின் ஒளிநகல், தாள் 1. உறவுமுறை: அண்ணன்.
கடிதத்தின் ஒளிநகல், தாள் 1. நேரம் 11.40. உறவுமுறை: இல்லை.
ரசீதின் ஒளிநகல், தாள் 1. நேரம் 12.05. உறவுமுறை: அண்ணன்.